மோட்டாரை நிறுத்தினேனா

போட்டது நன்றாக ஞாபகம் இருந்தது குருபாதத்துக்கு. சுவிட்சைத் தட்டியதும் வந்த 'டக்', குழாயில் தண்ணீர் ஏறுகிற முனகல், ஸ்டார்ட்டர் பெட்டிமேல் இருந்த பல்லி பயந்துபோய் ஜன்னல் பக்கம் ஓடியது, எல்லாம் அப்படியே இருந்தது. நிறுத்தியதுதான் இல்லை. தேடித் தேடிப் பார்க்கிறார், அந்த இடம் மொட்டையாகக் கிடக்கிறது. "என்னங்க, இங்க பாருங்க, சிரிங்க" என்றாள் செண்பகம். சிரித்தார். ஹெல்சிங்கியின் நட்டநடுவில், ஏறிக்கொண்டே போகிற கல்படிகளுக்கு மேலே வெள்ளைத் தேவாலயம் நின்றது, அதன் பச்சைக் கூம்புக்கு மேலே ஆடி மாசத்து வானம் என்று சொல்லவே முடியாத ஒரு நீல வானம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்திய சிவகாசிக் காலண்டர் ஒன்றில் ஜூலை மாசத்துப் படம் இது. செண்பகம் அதைக் கத்தரித்துச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். மஞ்சள்பொடி டப்பாவை எடுக்கும்போதெல்லாம் இந்தப் படிகளைப் பார்த்திருக்கிறாள். இப்போது அதே படியில் கோடாலிமுடிச்சும் ஸ்வெட்டரும் ஷூவுமாக உட்கார்ந்து, பக்கத்துக் கல்லை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்க்கிறாள். "கல்லு சுடவே இல்லியே, வெயிலடிச்சும் சுடலியே" என்கிறாள். ஆமா என்றார். கைக்கடிகாரத்தை இன்னும் கோவில்பட்டி நேரத்திலேயே வைத்திருந்தார். பன்னிரண்டே முக்கால். திங்கட்கிழமை ரெண்டு இருபதுக்கு டாக்சி கிளம்பியது, இன்றைக்குப் புதன், ஆக நாற்பத்தாறரை மணி நேரம். தொட்டி அரை மணியில் நிரம்பியிருக்கும். மீதி நாற்பத்தாறு மணி நேரம்? மொட்டைமாடி நிறைந்து, படிக்கட்டு வழியாக இறங்கி, குடிதண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிற தெருவில் ஆறு மாதிரி ஓடி, அப்புறம் போர் வறண்டு, வெறும் மோட்டார் சுற்றி, காயில் கருகி, அதோடு நின்றதா, இல்லை வயரைப் பிடித்துக்கொண்டு நெருப்பு மேலே ஏறியதா? "இன்னொண்ணு எடுக்கேன், கண்ண மூடிட்டீங்க" என்றாள் செண்பகம்.

அவளிடம் கேட்டுவிட்டால் ஒரு நொடியில் தீர்ந்துபோகிற விஷயம். செண்பகம், நான் மோட்டாரை நிறுத்தினேனா? ஆறேழு வார்த்தைகூட இல்லை. ஆனால் அதைச் சொல்லக்கூடாது. விமானத்துக்குள் கால் வைக்கும்போது கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், ஏழு நாளைக்கு வீடு என்கிற வார்த்தையே உங்க வாயிலிருந்து வரப்படாது என்று. வாங்காமல் என்ன செய்வாள் பாவம்? கல்யாணமான மூன்றாம் மாசம் கொடைக்கானலுக்குக் கிளம்பி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, கொல்லைக்கதவின் தாழ்ப்பாளைப் போட்டேனா என்று சந்தேகம் வந்து இறங்கி ஓடியவர் இவர். தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. பஸ் போய்விட்டது. ராமேஸ்வரத்தில் பாதித் தீர்த்தத்தில் அடுப்பு ஞாபகம். பேத்தியின் காதுகுத்தில் பீரோச் சாவி ஞாபகம். பூட்டை மூன்று தடவை இழுத்து, நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து நாலாவது தடவை இழுப்பார். "பூட்ட இழுக்கதுக்குன்னே பெத்து விட்டிருக்காக எங்க அத்தை" என்பாள் செண்பகம், ஒரு காலத்தில் சிரித்துக்கொண்டு, பிற்காலத்தில் சிரிக்காமல். அவர் என்ன செய்வார், முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டர். கடம்பூரில், சாத்தூரில், பெயர் சொன்னால் தெரியாத ஸ்டேஷன்களில். கேட் மூடியாச்சு என்று கேட் கீப்பர் போனில் சொன்னால் மட்டும் போதாது, தன்னிடமிருக்கிற தாளிலிருந்து ஒரு எண்ணையும் சொல்ல வேண்டும், பிரைவேட் நம்பர் என்று பெயர், அதை நேரத்தோடு எழுதிக்கொண்ட பிறகுதான் ரயிலை விடலாம். நம்பர் இல்லாவிட்டால் கேட் திறந்திருக்கிறது என்றே அர்த்தம். கண்ணால் பார்த்திருந்தாலும் திறந்திருக்கிறது என்றே அர்த்தம். புதுப் பெண்டாட்டியாகக் குவார்ட்டர்ஸுக்கு வந்த செண்பகம் ஜன்னல் வழியாக இதைக் கேட்டுக் கேட்டு, அடுப்ப அணைச்சியா என்று இவர் வாசலில் நின்று கத்தினால், "அணைச்சாச்சு, நம்பர் எழுபத்தொண்ணு!" என்று உள்ளேயிருந்து பாட்டாகப் பாடுவாள். இவரும் விடாமல், எழுபத்தொண்ணு, சரி, என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போவார். எவ்வளவு நன்றாக இருந்தது. அது எப்போது நின்றுபோனது? மகள் பிறந்த பிறகா? சாத்தூர் மாற்றலிலா? அதுவும் ஞாபகம் இல்லை, ஆனால் அது பரவாயில்லை, எந்தப் புருஷனுக்கும் ஞாபகம் இருக்காது, அது வேறு கணக்கு.

டிராமில் ஏறினார்கள். பச்சையும் மஞ்சளுமாகச் சத்தமில்லாமல் வந்து நின்றது. எதிரே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மடியில் செம்பழக் கூடையுடன் உட்கார்ந்து, இவர்களைப் பார்க்கக்கூடாது என்று உறுதி எடுத்தவர்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபது இருக்கும். இல்லை, எழுபத்தைந்து. எங்கே இறங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, சரியான இடத்தில் எழுந்தார், கூடையை எடுத்தார், இறங்கினார். குருபாதம் அவர் போவதையே பார்த்தார். கதிரேசன் அண்ணனுக்கு ஆரம்பித்தபோது வயது அறுபத்தொன்று. குருபாதத்துக்கு இப்போது அறுபத்தொன்று. இதை நேரடியாக நினைக்காமல் காலையிலிருந்து மோட்டாரை வைத்து மறைத்துக்கொண்டு வந்தார், டிராமில் உட்கார்ந்ததும் தானாக மேலே வந்துவிட்டது. அண்ணனுக்கும் மோட்டாரில்தான் ஆரம்பித்தது. பேங்கில் காசாளராக இருந்து ஒரு பைசா தப்பாமல் ஓய்வு பெற்ற மனுஷன், மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்தார், தண்ணீர் தெருவுக்கு வந்தது, எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த மாசமும் மறந்தார். அப்புறம் ஆமாமா ஆரம்பித்தது. நேத்து உங்க சிநேகிதர் வந்தாரே என்றால் ஆமாமா. பேரன் பிறந்தநாள் வருதே என்றால் ஆமாமா, தெரியுமே. ரெண்டு வருஷம் அந்த ஒரே வார்த்தையை வைத்து வண்டியை ஓட்டினார், பக்கத்தில் படுத்திருந்த மதினிக்கே தெரியாது. ஒருநாள் பால் வாங்கப் போனவர் கயத்தாறு பஸ் ஸ்டாண்டில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. போன பொங்கலுக்குப் பார்க்கப் போனார் குருபாதம். அண்ணன் நாற்காலியிலிருந்து மரியாதையாக எழுந்து நின்று, "உக்காருங்க சார். சாருக்கு எந்த ஊரு?" என்றார். கூடப் பிறந்த தம்பியை. வாசலுக்கு வந்து செருப்பைத் தேடுகிற சாக்கில் குருபாதம் அழுததை யாரும் பார்க்கவில்லை. அதனால்தான், மோட்டார் எரிந்தால் எரிந்து தொலையட்டும், புது மோட்டார் கடையில் கிடைக்கும். நிறுத்தியிருந்தால் தப்பித்தேன், நிறுத்தவில்லை என்றால் ஆரம்பித்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். கழுத்தில் தொங்கிய துணிப்பையைச் சட்டைக்கு மேலாகத் தடவினார். ரெண்டு பாஸ்போர்ட் தட்டுப்பட்டது, உள்ஜிப்புக்குள் வீட்டுச்சாவி தட்டுப்பட்டது. "நூறாவது தடவ" என்றாள் செண்பகம், ஜன்னலிலிருந்து திரும்பாமல்.

பாறையைக் குடைந்து அதற்குள்ளே ஒரு கோயில் கட்டியிருந்தார்கள். மேலே தாமிரத் தகட்டில் வட்டக் கூரை, சுற்றிலும் வெளிச்சம், சுவரெல்லாம் வெட்டியது வெட்டியபடி கரடுமுரடான பாறை. பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்திருந்தது. "நம்ம கழுகுமலை மாதிரி இல்ல?" என்றாள் செண்பகம் காதோடு. ஆமா, என்றார், உடனே சந்தேகம் வந்தது, இது ஆமாவா ஆமாமாவா? கழுகுமலைக் கோயில் ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறது. மலையைக் குடைந்த கோயில், வெளவால் வாடை, கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் அம்மாவோடு போனது. அப்பாடா. இப்படியே தன்னைத்தானே பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார். கடம்பூர் ஸ்டேஷனில் கூட வேலை பார்த்த பாயிண்ட்ஸ்மேன் பெயர்? சுடலைமுத்து. மகள் வீட்டுப் பின்கோடு? வந்தது. நேற்று ராத்திரி ஓட்டலில் என்ன சாப்பிட்டோம்? சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், செண்பகம் கொண்டுவந்தது. எல்லாம் வருகிறது, பிறகு அது மட்டும் ஏன் வரவில்லை? திங்கட்கிழமை, ஒன்றரை மணிக்கு மோட்டார் போட்டார், செடிக்குத் தண்ணீர் ஊற்றணும் என்று அவள் சொன்னாள், டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான், பெட்டிகளை எடுத்து வைத்தார், பூட்டை மூன்று முறை இழுத்தார். ஒன்றரைக்கும் ஹாரனுக்கும் நடுவே ஒரு கை வந்து துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. கோயிலுக்குள் ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதியில், எங்கோ அடியில், உம்மென்று ஒரு சத்தம். குளிர்பெட்டியோ விசிறியோ. மோட்டார்தான், சந்தேகமே இல்லை, ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். இந்த ஊரில் எங்கே நின்றாலும் ஓசி வைஃபை. எதிர்வீட்டு ஞானசெல்வி டீச்சருக்குத் தட்டினார்: டீச்சர் எங்க வீட்டு மாடியில தண்ணி வழியுதா பாத்துச் சொல்லுங்க. விரல் அனுப்புகிற இடத்தில் நின்றது. அனுப்பினால் பதில் வந்துவிடும். ஆமாம் சார், ரெண்டு நாளா வழியுது, என்று வந்துவிட்டால்? அப்புறம் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இப்போதைக்குப் பாதி நம்பிக்கையாவது மிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். டீச்சர் என்பது மட்டும் மிஞ்சியது, அதையும் அழித்தார். வெளியே வந்தபோது செண்பகம் கதவுக்கு நேரே நின்றிருந்தாள். "வயிறு சரியில்லியா?" "நல்லாத்தான் இருக்கு." "மூஞ்சி வெளுத்துப் போயிருக்கே." "குளிர்" என்றார்.

மதியம் துறைமுகத்துச் சந்தைக்கு வந்தார்கள். ஆரஞ்சு நிறக் கூடாரங்கள், பொரித்த சின்ன மீன் வாசனை, நீல உருளைக்கிழங்கு மாதிரி ஏதோ ஒன்று, பட்டாணியைத் தோலோடு வாங்கி உரித்து உரித்துப் பச்சையாகத் தின்றுகொண்டு நடக்கிற ஜனங்கள். கடலைப் பார்த்துப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து செண்பகம் ரொட்டியில் இட்லிப்பொடியும் எண்ணெயும் தடவினாள். சாப்பிட்டு முடித்ததும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள். தூரத்து நீரூற்றில் தண்ணீர் கேட்பாரற்றுக் கொட்டிக்கொண்டிருந்தது, குருபாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு குதிரைத்திறன் மோட்டாராக இருக்கும், யார் நிறுத்துவார்கள், நிறுத்துகிறவன் எழுதி வைப்பானா. பக்கத்தில் படபடவென்று ஒரு சத்தம், ஒரு அலறல், அப்புறம் சிரிப்பு. திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோழி அளவில் ஒரு கடல்புறா செண்பகத்தின் விரல் நடுவிலிருந்து கடலைமிட்டாயைப் பறித்துக்கொண்டு போய்விட்டிருந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த பெஞ்சிலிருந்த பெண்பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். "பாத்தீங்களா! கையையே கொத்திட்டுப் போயிருக்கும்! பாத்தீங்களா இல்லியா?" "பாத்தேன் பாத்தேன்" என்றார். பார்க்கவில்லை. செண்பகம் அப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனை வருஷம் இருக்கும், அதை ரெண்டு அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு தவறவிட்டுவிட்டு, பாத்தேன் என்று பொய் வேறு. அண்ணனும் இப்படித்தான் தொடங்கியிருப்பார், மறந்ததனால் அல்ல, பார்க்காமல் போனதனால். அல்லது பார்க்காமல் போனதுதான் மறதியோ? அப்படியானால் அது நோய் இல்லையோ? நோய் இல்லை என்றால் மோட்டாரையும் பராக்குப் பார்த்துத்தான் மறந்திருப்போமோ? மனசு சரசரவென்று அந்தக் கொம்பைப் பிடித்து ஏறியது, பாதியிலேயே சறுக்கி இறங்கியது. நேரம் பார்த்தார். ஐம்பதரை மணி நேரம்.

தீவுக்கோட்டைக்குப் போகிற படகில் ஏறினார்கள். கால் மணி நேரத்துப் பயணம்தான். கீழே எஞ்சின் ஓடியதும் பெஞ்சு, பெஞ்சின் வழியாக முதுகெலும்பு, முதுகெலும்பின் வழியாகப் பல் எல்லாம் அதிர்ந்தது. போதும்டா சாமி என்றிருந்தது. செண்பகம் எழுந்து கம்பியருகே போய் நின்று, பின்னுக்குப் போகிற ஊரையும் தேவாலயத்தின் பச்சைக் கூம்பையும் போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். காற்றில் புடவைத் தலைப்பு அடித்தது. அவள் முதுகு இந்தப் பக்கம் இருந்தது. குருபாதத்துக்குச் சாவியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் போல ஒரு வேகம் வந்தது, சட்டைக்கு மேலாக இல்லை, தோலில் படும்படி. வார்த்தைதானே கூடாது, சாவி கூடாது என்று அவள் சொல்லவில்லையே. கழுத்துப்பையை வெளியே எடுத்தார், உள்ஜிப்பைத் திறந்தார், ரெண்டு விரலை விட்டார். சாவி ஒரு தாளில் சுற்றியிருந்தது. தினசரிக் காலண்டர் தாள். திங்கட்கிழமை, சிவப்பில் தேதி, ராகுகாலம், எமகண்டம். சாவியை மடியில் வைத்துவிட்டுத் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் நீல மையில், ரயில்வேக்காரன் எழுத்தில், சாய்ந்து: மோ. நிறு. 14.05. அதற்கு நேரே, வட்டம் போட்டு, 34.

தாளை ரெண்டு தடவை படித்தார். அப்புறம் நெஞ்சுக்குள் யாரோ, வண்டி போகலாம் என்று, சிக்னலை இறக்கியதுபோல இருந்தது. நிறுத்தியாச்சு! நேரத்தோடு, நம்பரோடு. இதைவிட என்ன வேண்டும், முப்பத்தாறு வருஷம் இந்த மாதிரிச் சீட்டை நம்பித்தானே ஆயிரம் ஆயிரம் பேர் ஏறிய ரயிலை விட்டோம். மாடி காய்ந்து கிடக்கிறது, தெருவில் தண்ணீர் இல்லை, காயில் எரியவில்லை, பல்லி திரும்ப வந்து பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும். எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. வாய்கூடச் சிரித்துவிட்டது. சிரித்த வாய் மூடுவதற்குள் அடுத்தது வந்தது. இது நம் எழுத்து. இந்தக் கை எழுதியது. எப்போது எழுதியது? எங்கே நின்று? பேனாவை யார் கொடுத்தது? தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நின்றது ஞாபகம் இல்லை, எழுதியது ஞாபகம் இல்லை, மடித்தது, சாவியைச் சுற்றியது, ஜிப்பை இழுத்தது, ஒன்றுமில்லை. காலையிலிருந்து எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தவித்தாரோ அது தெரிந்துவிட்டது, மோட்டாரும் நின்றிருக்கிறது, அதுவும் ஆரம்பித்துவிட்டிருக்கிறது, ரெண்டும் ஒரே தாளில். இப்படியும் நடக்கும் என்று அவர் கணக்குப் போடவே இல்லை.

"ஏய், எடுத்துட்டீங்களா!" செண்பகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். அவள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "அந்தச் சீட்டுதான? இன்னும் வச்சிருக்கீங்க பாருங்க. எனக்கு அன்னைக்கு அப்படிச் சிரிப்பு. வண்டி வர்ற நேரத்துல சுவிட்ச அமத்திட்டு, 'செண்பகம், நம்பர் சொல்லு'ன்னு கூப்பிடுதீங்க. எத்தன வருசமாச்சு அப்படிக் கேட்டு! நான் புடவ மடிச்சிட்டிருந்தவ அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன். முப்பத்தி நாலுன்னேன். அது என்ன முப்பத்தி நாலுன்னு கேட்டீங்க. கல்யாணமாகி அத்தன வருசம்யான்னேன். அப்ப என் தலைய இப்படித் தொட்டீங்க." தன் வகிட்டை ரெண்டு விரலால் தொட்டுக் காட்டினாள். "என்னப் பொறுத்தவரைக்கும் டூரு அங்கயே ஆரம்பிச்சிருச்சுங்க. இங்க வந்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்."

அவள் சொல்லச் சொல்ல அவர் அந்த இடத்துக்குள் புகுந்துவிடப் பார்த்தார், வகிட்டின் குங்குமம், மடித்த புடவை, கேட்டால் கண்முன்னே தெரிகிறது, ஆனால் தெரிவது அவள் சொல்வது, அவருடையது இல்லை. அவர் தொட்ட தலை. விரலுக்குக்கூட நினைவில்லை. சுவிட்ச் போனால் போகட்டும், இதைப் போய் மறதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறதே. செண்பகம் பதிலுக்குக் காத்திருந்தாள், சிரித்த முகமாக. "ஆமா..." என்றார் குருபாதம். அடுத்த 'மா' நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. எவ்வளவு லேசாக வந்தது, எண்ணெய் போட்ட கதவு போல. இதைச் சொல்லிவிட்டால் அவளுடைய திங்கட்கிழமை அவளிடம் இருக்கும், ஏழு நாளும் இருக்கும், அவள் கல்லைத் தடவிப் பார்ப்பாள், புறா பறித்ததை ஊருக்குப் போய் பத்துப் பேரிடம் சொல்வாள். அண்ணனுக்கும் முதல் தடவை இப்படி ஒரு முகம்தான் எதிரே இருந்திருக்கும். மதினியின் முகம். வாயை மூடினார்.  "செண்பகம்" என்றார், "எனக்கு ஞாபகம் இல்ல." "எது?" "நீ சொன்னது ஒண்ணுமே. நம்பர் கேட்டது, தலையத் தொட்டது. இந்தச் சீட்ட இப்பத்தான் மொதல்ல பாக்கேன். காலைலருந்து மோட்டார நிறுத்துனேனா நிறுத்துனேனான்னு செத்துக்கிட்டிருக்கேன்."

செண்பகத்தின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, போவதற்கு வழி தெரியாமல். அப்புறம் போனது. கடலைப் பார்த்தாள். படகு ஒரு சின்னப் பாறைத்தீவைத் தாண்டியது, அதில் ஒரே ஒரு சிவப்பு வீடு, கொடியில் துணி காய்ந்தது. "போன மாசம்" என்றாள் மெதுவாக, "பால் பாக்கெட்ட பீரோல வச்சிருந்தீங்க. என் புடவைக்கு மேல. நான் எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டேன். உங்ககிட்ட சொல்லல." "ஏன் சொல்லல?" "எப்படிச் சொல்ல? பெரிய அத்தானப் பாத்திருக்கோம்ல." குருபாதத்துக்கு அழுகை வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பயமா இருக்கு" என்றார். "எனக்கும்தான்" என்றாள் அவள். சொல்லிவிட்டு மடியிலிருந்த சாவியை எடுத்து, காலண்டர் தாளில் பழையபடி சுற்றி, உள்ஜிப்புக்குள் வைத்து இழுத்து மூடினாள். "ஊருக்குப் போனதும் டாக்டர்ட்ட போவோம். ரெண்டு பேரும் போவோம். இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

படகு துறையில் முட்டியது. ஜனங்கள் எழுந்து வரிசையாக இறங்க ஆரம்பித்தார்கள். குருபாதமும் எழுந்தார், வழக்கம்போல குனிந்து பெஞ்சைப் பார்த்தார். தோள்பை, குடை, தண்ணீர் பாட்டில், அவளுடைய ஸ்வெட்டர். கழுத்தைத் தடவினார், ரெண்டு பாஸ்போர்ட். நாலு எட்டு நடந்தார். கால் நின்றது. திரும்பிப் பார்க்க வேண்டும் போல உடம்பெல்லாம் துறுதுறுத்தது, வெட்கமாகவும் இருந்தது, பின்னால் ஆள் வருகிறார்கள், முன்னால் செண்பகம் இறங்குகிற பலகையில் ஒரு காலை வைத்துவிட்டாள். பேசாமல் நடந்துவிடலாம் என்று அவளைப் பார்த்தார். அவள் வைத்த காலை எடுத்துவிட்டு, பின்னால் வந்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவ பாத்துட்டு வாங்க" என்றாள். "நான் நிக்கேன்."

குருபாதம் திரும்பிப் போய், குனிந்து, பெஞ்சுக்கு அடியில் நிதானமாகப் பார்த்தார்.